பாடம் 7: ஏறுமுன் எண்ணுதல்

நுழையும் முன்

சுரங்கமும் கப்பலும் வெவ்வேறு உலகங்கள். ஆயினும் இரண்டிலும் மனிதன் தன் உயிரை ஓர் அடைபட்ட இடத்தில் ஒப்படைத்துவிட்டுச் செல்கிறான். படகுகளிலும் உல்லாசக் கப்பல்களிலும் நிகழ்ந்த சில விபத்துகளைச் சுரங்க ஊர் ஒன்றின் பழக்கத்தோடு ஒப்பிட்டுக் காண்கிறது இப்பாடம்.

கோலார் தங்கவயலில் கடல் இல்லை. ஜோலார்பேட்டை வழியாகத் தொடர்வண்டியில் சென்னை வரை சென்றால்தான் அலையோசை கேட்கும். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே அமைந்த மேட்டுநிலம் இது. ஆனால் இவ்வூர் மக்களுள் பலர் கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக இறங்கி உழைத்தவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசையும் கடந்திருந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அக்காலத்தில் அதனை 'ஏர் பிளாஸ்ட்' என்றே அழைத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக அந்த ஆழத்துக்குச் சென்று திரும்பினர். திரும்பாதவர்களும் உண்டு.

இத்தகைய இடத்தில் ஒரு கேள்விக்கு எப்போதும் விடை ஆயத்தமாக இருக்க வேண்டும். இந்த நொடியில் கீழே இருப்பவர் யார் யார்? 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. எந்த நேரத்தில் பார்த்தாலும், அந்நேரத்தில் நிலத்தடியில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் காட்டும் பதிவேடு சுரங்கத்தில் இருந்தாக வேண்டும். வெளியேறும் வழி ஒன்றோடு நிற்கலாகாது, குறைந்தது இரண்டு வேண்டும் என்பதும் சுரங்க விதியே. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறந்திருக்கும். எண்ணிக்கையும் மாற்று வழியும் இல்லாமல் மீட்புப் பணி தொடங்கவே முடியாது. யாரைத் தேடுவது, எங்கே தேடுவது என்பதே தெரியாதல்லவா?

இந்த எளிய முறையைச் சுற்றுலாப் படகுகளும், பெருங்கப்பல்களும் பல வேளைகளில் மறந்துள்ளன. அந்த மறதிக்குக் கொடுத்த விலை சிறிதன்று.

தேக்கடியில் ஒரு மாலை

தமிழ்நாட்டு மாணவர் எவரும் முல்லைப் பெரியாறு அணையை அறிவர். ஜான் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1895இல் நிறைவுற்ற அந்த அணை, தேனி, மதுரை முதலிய மாவட்டங்களின் வயல்களுக்கு நீர் தருகிறது. அணையால் தேங்கிய ஏரியே தேக்கடி ஏரி. நீருக்குள் மூழ்கிய பழைய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரியின் நடுவே தலைநீட்டி நிற்கின்றன. கரையோரம் நீர் அருந்த வரும் யானைகளையும் காட்டெருதுகளையும் படகிலிருந்தே காணலாம் என்பதால் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் எனப் பல மாநிலத்தாரும் அங்கே குடும்பத்தோடு செல்வர்.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, 'ஜலகன்யகா' என்னும் இரண்டடுக்குப் படகு சுற்றுலாப் பயணிகளுடன் புறப்பட்டது. அது சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த புதிய படகு. கண்ணாடியிழையால் ஆனது. மணக்கவலை என்னும் இடத்தை நெருங்கியபோது கரையில் காட்டு விலங்குகள் தென்பட்டன. படகில் இருந்தோர் அவற்றைக் காண ஒரே பக்கமாகத் திரண்டனர். படகு சாய்ந்தது. சாய்ந்தது மீண்டும் நிமிரவில்லை. 45 பேர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் சேர்ந்த பல குடும்பங்களுக்கு அந்த விடுமுறை அத்தோடு முடிந்தது.

நிகழ்ந்தது நடுக்கடல் புயலில் அன்று. அலையற்ற ஏரியில், காற்றற்ற மாலையில், கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில்! ஏன் கவிழ்ந்தது என்பதை அறிய ஏழாம் வகுப்பு அறிவியலே போதும்.

மிதக்கும் எப்பொருளின் மீதும் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. ஒன்று அதன் எடை. அது ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. மற்றொன்று நீர் மேல்நோக்கித் தரும் மிதப்பு விசை. படகு சற்றுச் சாயும்போது, சாய்ந்த பக்கத்தில் நீருக்குள் அமிழும் பகுதி கூடுகிறது. அதனால் மிதப்பு விசையும் அப்பக்கமாக நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. நல்ல படகு ஊஞ்சல்போல ஆடி நிலைக்கு வருவது இதனால்தான். ஆனால் பலர் மேல்தளத்தில் ஏறி நின்றால் ஈர்ப்பு மையம் உயர்ந்துவிடும். உயரமாக வைக்கோல் ஏற்றிய வண்டி மேட்டில் ஒருக்களிக்கும்போது நடப்பதும் இதுவே. அவர்களே ஒரு பக்கமாகத் திரண்டால் எடையும் அப்பக்கமே நகர்கிறது. நிமிர்த்தும் விசையைக் கவிழ்க்கும் விசை வென்றுவிடுகிறது. அதன்பின் சில நொடிகளே எஞ்சும். கவிழ்ந்த படகின் கீழ்த்தளத்தில் இருப்பவர்க்குக் கதவும் சன்னலும் நீருக்குள் போய்விடுகின்றன. நீந்தத் தெரிந்தவரும் வழி தெரியாமல் தத்தளிப்பர்.

பயணிகளைக் குறை சொல்வது எளிது. யானையைக் கண்டால் எழுந்து பார்ப்பது மனித இயல்பு. சிறுவரை இருக்கையில் கட்டிவைக்கவும் இயலாது. எழுந்து நிற்பார்கள் என்பதை முன்னறிந்து படகை வடிவமைப்பதும், ஏற்றும் எண்ணிக்கையைக் குறைப்பதும், உயிர்காப்பு உடையை அணிவித்த பின்னரே கயிற்றை அவிழ்ப்பதும் படகை நடத்துவோரின் கடமை. அன்று உயிர்காப்பு உடைகள் பயணிகளின் உடலில் இல்லை. எத்தனை பேர் ஏறினர் என்பதிலும் தொடக்கச் செய்திகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. பெயர்ப் பட்டியல் இல்லாத இடத்தில் தேடுவோர் எந்த எண்ணை அடைந்ததும் தேடலை நிறுத்துவர்? விபத்தை விசாரிக்க நீதிபதி இ. மொய்தீன் குஞ்சு தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. இன்று தேக்கடியில் உயிர்காப்பு உடை அணியாமல் படகில் அமர முடியாது.

ஒரு முறை பட்டதோடு பாடம் முடிந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2023ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அங்கும் இறந்தோர் 22 பேர். அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றியிருந்தனர்.

கடல்மேல் ஒரு நகரம்

சிறு படகுகளில்தான் இவ்வாறு நடக்கும், ஆயிரம் கோடி மதிப்புள்ள கப்பலில் நடக்காது என எண்ணலாம். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் மூழ்கியபோதும் உலகம் அப்படித்தான் எண்ணியிருந்தது. அக்கப்பலில் 2,200 பேருக்கு மேல் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளில் இடமோ 1,178 பேருக்கு மட்டுமே. அந்த இடமும் நிரப்பப்படவில்லை. 40 பேர் அமரக்கூடிய ஒரு படகு 12 பேருடன் இறங்கிச் சென்றது. படகு போதவில்லை என்பது பாதி உண்மை. இருந்த படகில் யார், எங்கே, எப்போது ஏறுவது என்பதில் பழக்கம் இல்லை என்பது மறுபாதி. இவ்விபத்துக்குப் பின் 1914இல் நாடுகள் கூடி, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையை உருவாக்கின. 'சோலாஸ்' எனப்படும் அவ்வுடன்படிக்கை பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது.

நூறு ஆண்டுகள் உருண்டன. 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இரவு, 'கோஸ்டா கான்கார்டியா' என்னும் உல்லாசக் கப்பல் இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 290 மீட்டர் நீளம். உணவுக்கூடங்கள், அரங்குகள், நீச்சல் குளங்கள் எனக் கடல்மேல் மிதக்கும் நகரம் அது. பயணிகளும் பணியாளர்களுமாக 4,229 பேர் அதில் இருந்தனர். பணியாளருள் ஏறத்தாழ 200 பேர் இந்தியர். கப்பல் தலைவர் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ, ஜிக்லியோ தீவுக்கு மிக அருகே கப்பலைச் செலுத்தினார். கரையில் உள்ளோர் கப்பலைக் கண்டு மகிழட்டும் என்பதைத் தவிர அதற்குத் தேவை ஒன்றும் இல்லை. இரவு 9.45 மணியளவில் கப்பலின் இடப்பக்கத்தைப் பாறை கிழித்தது. கிழிசலின் நீளம் 50 மீட்டருக்கும் அதிகம்.

அடுத்து நிகழ்ந்ததே பெரிதும் ஆராயத்தக்கது. இயந்திர அறைகளில் நீர் புகுந்தது. மின்சாரம் நின்றது. விளக்குகள் அணைந்தன. பயணிகளுக்கு ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதோ, மின் கோளாறு, விரைவில் சரியாகிவிடும் என்பதே. கடலோரக் காவல் படையினரிடமும் முதலில் மின்தடை என்றே கூறினர். கப்பலில் ஏதோ நடக்கிறது என்ற செய்தி, ஒரு பயணி தம் வீட்டாரிடம் தொலைபேசியில் பேச, அவர்கள் காவலரை அழைக்க, அவ்வாறு சுற்றிவளைத்தே கரைக்கு வந்து சேர்ந்தது. கப்பலைக் கைவிடும் ஆணை பிறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்தால், உயர்ந்த பக்கத்துப் படகுகளைக் கயிற்றில் இறக்குவது அரிது. தொடக்கத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் நிமிர்ந்து நின்ற கப்பலிலிருந்து அனைவரும் இறங்கியிருக்கக்கூடும். 32 பேர் இறந்தனர். பயணிகள் பலர் கப்பலில் தவித்துக்கொண்டிருக்கும்போதே தலைவர் கரை சேர்ந்துவிட்டார். மீண்டும் கப்பலுக்குச் செல்லுமாறு கடலோரக் காவல் அதிகாரி கிரகோரியோ தெ ஃபால்கோ தொலைபேசியில் அவரைக் கடிந்து ஆணையிட்ட உரையாடலை உலகமே கேட்டது. 2015இல் ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அன்று மாலைதான் அக்கப்பலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 700 பேர். அவர்களுக்குப் பாதுகாப்பு ஒத்திகை நடத்தப்படவில்லை. தம் கூடுமிடம் எது, உயிர்காப்பு உடை எங்கே என்பவற்றை அவர்கள் அறிந்திருக்கவில்லை. வியப்பு என்னவெனில், இது விதிமீறலும் அன்று. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றே அன்றைய விதி இருந்தது. பாறையோ 24 மணி நேரம் காத்திருக்கவில்லை. இதன்பின் விதி திருத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜனவரி முதல், புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நெடிய ஒலியும் எழுந்தால், பயணி ஒவ்வொருவரும் தமக்குரிய கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பெயர் சரிபார்க்கப்படும். சுரங்கப் பதிவேட்டில் நெடுங்காலமாக இருந்து வந்த முறைக்குக் கப்பலின் ஒத்திகை இப்போதுதான் நெருங்கி வந்திருக்கிறது எனலாம்.

பணியாளரின் பக்கம்

விபத்துச் செய்திகளில் கப்பல் தலைவரின் பெயர் நிலைக்கிறது. உணவு பரிமாறியவர், அறை துடைத்தவர், பாத்திரம் கழுவியவர் ஆகியோரின் பெயர்கள் நிலைப்பதில்லை. ஆனால் அந்த இரவில் இருண்ட நடைவழிகளில் பயணிகளை அழைத்துச் சென்று படகுகளை இறக்கியோருள் பெரும்பாலோர் அவர்களே. இந்தியப் பணியாளர் ஒருவரும் அவ்விபத்தில் உயிரிழந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, 2014 நவம்பரில், ஜெனோவாவுக்கு இழுத்துவரப்பட்ட கப்பலின் உள்ளிருந்துதான் அவருடைய உடல் எஞ்சியது கிடைத்தது. காணாமற்போன அனைவருள்ளும் கடைசியாகக் கிடைத்தவர் அவர்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தென்னாப்பிரிக்கக் கரையருகே 'ஓசியானோஸ்' என்னும் உல்லாசக் கப்பல் மூழ்கியபோது, தலைவரும் அதிகாரிகளும் முன்னதாகவே வெளியேறினர். கப்பலின் வானொலியில் உதவி கேட்டும், பயணிகளை ஹெலிகாப்டர்களில் ஏற்றியும் உதவியவர்கள் அக்கப்பலின் இசைக்கலைஞர்கள்! கிதார் வாசிப்பவர் கப்பல் தலைவரின் இடத்தில் நின்றார். 571 பேரும் உயிர் பிழைத்தனர்.

நீர் புகாமலும் கப்பல் ஆபத்தில் சிக்கலாம். 2020 பிப்ரவரி தொடக்கத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்டது. 3,711 பேர் இருந்த அக்கப்பலில் கொரோனா தொற்று 700க்கும் மேற்பட்டோருக்குப் பரவியது. பயணிகள் அறைக்குள் தனித்திருக்குமாறு பணிக்கப்பட்டனர். அவர்களுக்கு வேளைதோறும் உணவு கொண்டு செல்ல வேண்டியவர்கள் பணியாளர்கள். அவர்களோ இரவில் ஒரே அறையைப் பகிர்ந்து உறங்கினர். இந்தியர் 138 பேருள் 132 பேர் பணியாளர்கள். அவர்களுள் தமிழர்களும் இருந்தனர். பிப்ரவரி 27ஆம் நாள் 119 இந்தியர் தனி விமானத்தில் தில்லி வந்திறங்கினர். அடைபட்ட இடத்தில் யார் தனித்திருக்கலாம், யார் தனித்திருக்க முடியாது என்பதையும் வேலையின் தன்மையே முடிவு செய்தது.

தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கப் பணி நின்றது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்தபின் ஆழ்தளங்களில் நீர் நிறைந்தது. நாள்தோறும் விடியலில் பெங்களூருக்குத் தொடர்வண்டி ஏறும் இவ்வூர் இளைஞர்களுக்குச் சுரங்கத்தின் பெயர்ப்பதிவு பெரியோர் சொல்லும் பழங்கதை. இரவுப்பணி முடிந்து ஒருவர் மேலே வரத் தாமதித்தால், அவர் பெயர் பதிவேட்டில் இருந்ததால்தான் மேலே இருந்தோருக்கு அது தெரியவந்தது. யாரையேனும் எதிர்பார்த்து வாயிலில் நின்ற குடும்பத்துக்கு அந்த ஏட்டின் ஒரு வரி எத்தகையது என்பதை அப்பெரியோரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

ஒருக்களித்தல் – ஒரு பக்கமாகச் சாய்தல்
மிதப்பு விசை – மிதக்கும் பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளும் விசை
கூடுமிடம் – ஆபத்துக் காலத்தில் பயணிகள் ஒன்றுசேர வேண்டிய இடம்
ஒத்திகை – முன்கூட்டிச் செய்து பழகுதல்
கடிந்து – கண்டித்து

பயிற்சி

1. "பாறையோ 24 மணி நேரம் காத்திருக்கவில்லை" – இத்தொடர் எந்த விதியைச் சுட்டுகிறது? அவ்விதி பின்னர் எவ்வாறு மாறியது?

2. அலையற்ற ஏரியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்த காரணத்தை ஈர்ப்பு மையம், மிதப்பு விசை ஆகிய சொற்களைப் பயன்படுத்தி ஐந்து வரிகளில் எழுதுக. விரும்பினால் படம் வரைந்து காட்டலாம்.

3. விபத்தில் பயணிகளின் பொறுப்பு பெரிதா, படகை நடத்துவோரின் பொறுப்பு பெரிதா? பாடத்தின் கருத்தை ஏற்றோ மறுத்தோ எழுதுக.

4. பிரித்து எழுதுக: நெடுங்காலம், கூடுமிடம், மேட்டுநிலம், கடலோரம்.

5. உரிய வினைமுற்றால் நிரப்புக: மின்சாரம் ______. விளக்குகள் ______. கப்பல் வலப்பக்கமாகச் ______.

6. செயல்பாடு: உங்கள் வீட்டிலோ தெருவிலோ சுரங்கத்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவரைச் சந்திக்க. கீழே இறங்குமுன் பெயர் எவ்வாறு பதியப்பட்டது, மேலே வந்தபின் என்ன செய்தனர் என்பதைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களை மாற்றாமல் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படிக்க.